சொன்ன பேச்சு கேட்கும் வீடு

காட்டு ஓரத்துக் குளக்கரையில் சடையாண்டி என்றொரு பெருச்சாளி குடியிருந்தான். கரைக்குள்ளேயே வளைந்து வளைந்து போகும் பெரிய வளை அது. முன்வாசல் குளத்தைப் பார்த்திருந்தது. நெல் வைக்க ஓர் அறை, படுக்க ஓர் அறை, எல்லாவற்றுக்கும் கீழே கதகதப்பான பள்ளத்தில் குட்டிகளுக்கு ஓர் அறை. அவன் மனைவி மூக்காயி அப்போதுதான் குட்டி போட்டிருந்தாள். குட்டிகள் இன்னும் கண் திறக்கவில்லை.

ஒருநாள் சடையாண்டி கரும்புத் தோட்டத்தில் இருந்த தன் மைத்துனன் விருமன் வீட்டுக்கு விருந்துக்குப் போனான். விருமன் கரும்புச் சோகையில் மல்லாந்து கிடந்தான். எழுந்து "வாங்க" என்றுகூடச் சொல்லவில்லை.

"விளக்கு" என்றான் விருமன். விளக்கு எரிந்தது.

"கதவு" என்றான். எங்கோ தொலைவில் கதவு மூடிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

சடையாண்டிக்கு மீசை அசையாமல் நின்றுவிட்டது. "எப்படி மாப்ளே இது?"

"இப்பல்லாம் வீடு இப்படித்தான் மச்சான். படுத்த இடத்துல இருந்து சொன்னாப் போதும். வீடே செய்யும். நீங்க இன்னும் எழுந்து போய்க் கதவைத் தள்ளிட்டா இருக்கீங்க?"

அந்தக் கேள்வி சடையாண்டியின் மனதில் நெருஞ்சி முள்ளாகத் தைத்தது. வீடு வந்ததும் முதல் வேலையாக ஆள் சேர்த்தான். வாசல் கல்லை உருட்டி மூட ஒரு நண்டு. நத்தை ஓட்டுக்குள் உட்கார்ந்து வெளிச்சம் தர நாலைந்து மின்மினிகள். எல்லாம் சரி. ஆனால் படுக்கையறையிலிருந்து கத்தினால் வளையின் வளைவுகளில் முட்டி முட்டி, சத்தம் வாசலுக்குப் போகும்முன்பே செத்துவிடுகிறது. சொல்லை யார் கொண்டுபோவது?

"ஒரு கொடியைக் கட்டி இங்கேயிருந்து இழுத்தா ஆகாதா?" என்றாள் மூக்காயி.

"கயிறா? உன் தம்பி வீட்டுல ஒரு கயிறாவது கண்ணுக்குத் தெரியுதா? கயிறு கட்டின காலமெல்லாம் போச்சு."

மறுநாள் சாயங்காலம், சொல் சுமக்கும் வேலை கேட்டு மூன்று பேர் வந்தார்கள். வானத்தில் பொட்டு மேகமில்லை.

முதலில் மயில். "எனக்கு வளைவும் சுளிவும் ஒண்ணும் செய்யாது. ஒரு கத்துக் கத்தினா வீடு முழுக்கக் கேட்கும். காட்டிப் பார்க்கலாமா?" என்றது.

"கதவை மூடச் சொல்லு."

மயில் கத்தியது. நண்டு கதவை மூடியது. அக்கரையில் படுத்திருந்த எருமை எழுந்து நின்றது. புதருக்குள் இருந்து நரி தலையை நீட்டி, "எந்தக் கதவு?" என்று கேட்டது.

"அவனுக்கு எதுக்குத் தெரியணும்?" என்றாள் மூக்காயி.

"குரல் நல்லா இருந்தா நாலு பேர் கேட்கத்தான் செய்வாங்க" என்றது மயில். "அப்புறம், ஒவ்வொரு கத்துக்கும் ஒரு பிடி நெல். தொண்டை பாருங்க."

அடுத்து எறும்புக் கூட்டத்தின் கங்காணி வந்தாள். "நாங்க கத்த மாட்டோம். வரிசையா நிப்போம். ஒருத்தி காதுல சொன்னா அடுத்தவ காதுல போடுவா. வீடு நீண்டா நாங்களும் நீளுவோம். ஒரு நொய் கொடுங்க, ஊரே சாப்பிடும்."

"விளக்கு" என்று முதல் எறும்பின் காதில் சொன்னான் சடையாண்டி. காத்திருந்தான். கொட்டாவி விட்டான். ஒரு தூக்கம் போட்டு எழுந்தான். கிழங்கு தின்றான். அதற்குப் பிறகு விளக்கு எரிந்தது.

"ஏன் இவ்வளவு நேரம்?"

"நடுவழியில ஒரு வெல்லக்கட்டி கிடந்தது" என்றாள் கங்காணி. அதில் ஒளிக்க என்ன இருக்கிறது என்பதுபோல் இருந்தது அவள் முகம்.

கடைசியாக வந்த வௌவால் கூரையில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு பேசியது. "நான் போடுற சத்தம் நரிக்குக் கேட்காது. நண்டுக்குக் கேட்காது. உங்களுக்கே கேட்காது. அவ்வளவு ரகசியம்."

"நண்டுக்கே கேட்கலைன்னா அது எப்படிக் கதவை மூடும்?"

"மூடாது. எங்க பேச்சு எங்க குடும்பத்துக்குத்தான் கேட்கும். அதனால வேலைக்காரங்களையும் எங்க குடும்பத்துலயே எடுக்கணும். என் மச்சினன் இருக்கான், இறக்கையால விசிறி வீசுவான். கதவு, விளக்கு எல்லாத்துக்கும் ஆள் இருக்கு. இந்த நண்டை அனுப்பிடுங்க."

நண்டு கொடுக்கைத் தூக்கிக் காட்டியது. வௌவால் பேச்சை மாற்றியது.

எதைத் தேர்ந்தெடுப்பது? மயில் வேகம்தான், ஆனால் ஊருக்கே கேட்கும். எறும்பு சிக்கனம்தான், ஆனால் வெல்லம் கிடந்தால் போச்சு. வௌவால் ரகசியம்தான், ஆனால் குடும்பத்தோடு வந்து இறங்கும். இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்ட சடையாண்டி, கடைசியில் மூன்றையும் வைத்துக்கொண்டான். கதவுக்கு மயில், விளக்குக்கு எறும்பு, விசிறிக்கு வௌவால்.

அதற்குப் பிறகு ஆசை வளர்ந்தது. கதவு மூடியதும் விளக்கு தானாக எரிய வேண்டும், விளக்கு எரிந்ததும் விசிறி வீச வேண்டும். ஆனால் மயில் கத்தினால் எறும்புகள் இடி என்று நினைத்து ஓடின. எறும்புகள் பேசினால் வௌவாலுக்குப் பசி எடுத்தது. நடுவில் நின்று எல்லோரையும் சேர்த்துவைக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது.

வேலி ஓரத்து ஓணானைக் கூப்பிட்டான்.

"உனக்கு எல்லார் பேச்சும் தெரியுமா?"

ஓணான் தலையாட்டியது.

"ஒருத்தர் சொல்றதை இன்னொருத்தருக்குச் சேர்ப்பியா?"

தலையாட்டியது.

"வேலை முடிஞ்சுதான்னு கேட்டா உடனே சொல்லுவியா?"

அதற்கும் தலையாட்டியது.

"இவ்வளவு பணிவான ஆளை நான் பார்த்ததே இல்லை" என்று சடையாண்டி பூரித்துப்போனான். படுக்கையறை வாசலிலேயே அதற்கு ஒரு கட்டை போட்டுக் கொடுத்தான்.

அன்றிலிருந்து அவன் படுக்கையை விட்டு எழவில்லை. கதவு மூடியாச்சா என்பான், ஓணான் தலையாட்டும். விளக்கு அணைஞ்சுதா என்பான், தலையாட்டும். சில நாள் கதவு திறந்தே கிடக்கும். மூக்காயி சத்தமில்லாமல் போய்க் கல்லைத் தள்ளிவிட்டு வருவாள்.

அந்த வீட்டில் இன்னொரு வழியும் இருந்தது. பெருச்சாளிகள் எந்த வளை தோண்டினாலும் பின்பக்கம் மேட்டை நோக்கி ஒரு வழி விட்டு, அதன் வாயைப் பொலபொல மண்ணால் மட்டும் மூடி வைப்பது வழக்கம். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. உள்ளேயிருந்து ஒரு முட்டு முட்டினால் திறந்துகொள்ளும்.

"அந்தப் பின்வழியை அடைச்சுடலாம்" என்றான் சடையாண்டி. "மண்ணு உதிருது. பார்க்கவும் பட்டிக்காடு மாதிரி இருக்கு. கரையான்களை வரச் சொல்லிப் புற்றுமண்ணால கல்லு மாதிரிப் பூசிடுவோம்."

"குட்டிங்க இருக்கிற வீடுங்க இது. ஒரு ஆபத்துன்னா?"

"ஆபத்துன்னா கதவுகிட்ட சொல்லுவோம். அதுக்குத்தானே இத்தனை பேர்?"

"அதை முட்டுறதுக்கு யார் பேச்சும் தெரிய வேண்டாமே."

சடையாண்டி ஓணானிடம் திரும்பினான். "கரையானைக் கூப்பிட்டுப் பின்வழியைப் பூசச் சொல்லு."

இரண்டு நாள் கழித்துக் கேட்டான். "பூசியாச்சா?"

ஓணான் தலையாட்டியது. அவன் நிம்மதியாகப் புரண்டு படுத்தான்.

ஐப்பசி பிறந்தது. ஒரு மத்தியான நேரம், வானம் இருட்டிக்கொண்டு வந்து கொட்டியது. குளம் தளும்பியது. வாசல் வழியாகத் தண்ணீர் உள்ளே நுழைந்தது.

"கதவை மூடு" என்றான் சடையாண்டி, கண்ணைத் திறக்காமலே.

மயில் கத்தவில்லை. மேகத்தைப் பார்த்ததுமே அது தோகையை விரித்துக்கொண்டு மேட்டில் ஆடப் போய்விட்டது. கத்தியிருந்தாலும் பயனில்லை. புதுத் தண்ணீரைக் கண்ட நண்டு அப்போதே குளத்தில் இறங்கிக் குளித்துக்கொண்டிருந்தது.

"விளக்கு" என்றான். எறும்புகள் வரிசையைக் கலைத்து, முட்டைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தன. வௌவாலும் மச்சினனும் புளியமரப் பொந்தில் இறக்கையை இழுத்துப் போர்த்தித் தூங்கினார்கள்.

"கதவு மூடியாச்சா?"

ஓணான் தலையாட்டியது.

மூக்காயி வாசலுக்கு ஓடினாள். தண்ணீர் வந்த வேகத்தில் கல்லை அசைக்க முடியவில்லை. நனைந்து ஓடிவந்தாள். "என்னங்க, எழுந்திருங்க. தண்ணி உள்ளே வருது."

"வராது. கதவு மூடியிருக்கு."

"உங்க படுக்கை மிதக்குதுங்க."

சடையாண்டி குனிந்து பார்த்தான். படுக்கை மிதந்துகொண்டுதான் இருந்தது. மறுபடியும் ஓணானைப் பார்த்தான். அது மறுபடியும் தலையாட்டியது. "மூடியிருக்குன்னுதானே சொல்றான்" என்று இழுத்தான்.

அப்போது கீழறையிலிருந்து குட்டிகளின் கீச்சுக் குரல் கேட்டது.

அந்தச் சத்தத்துக்கு யாரும் தூது போக வேண்டியிருக்கவில்லை. சடையாண்டி ஒரே தாவலாகக் கீழே குதித்தான். தண்ணீர் குட்டிகளின் வயிற்றைத் தொட்டுவிட்டிருந்தது. மூக்காயி இரண்டைக் கவ்வினாள். அவன் மற்ற இரண்டைக் கவ்வினான். முன்பக்கம் முழுக்கத் தண்ணீர். மூக்காயி பின்பக்கம் ஓடினாள். பின்னாலேயே ஓடிய சடையாண்டி பாதி வழியில் அப்படியே நின்றுவிட்டான்.

பின்வழியை அடைக்கச் சொன்னது அவன்தான். கல்லு மாதிரி.

குட்டிகளை மெல்லக் கீழே வைத்தான். "மூக்காயி, அங்கே வழியில்லை. நான்தான் அடைக்கச் சொன்னேன். நான்தான்…" பல் உடைந்தாலும் கொறித்துப் பார்ப்பது என்று இருட்டில் முன்னே பாய்ந்தான். தலையைத் தாழ்த்தித் தன் பலம் முழுவதையும் சேர்த்து முட்டினான்.

மண் பொலபொலவென்று உதிர்ந்தது. கல்லை முட்டுகிற வேகத்தில் முட்டியவன் வெளியே பறந்து போய், மேட்டில் ஆடிக்கொண்டிருந்த மயிலின் காலடியில் குட்டிக்கரணம் அடித்து விழுந்தான்.

ஓடிப்போய்க் குட்டிகளை வெளியே எடுத்தார்கள். வேலமரத்தடியில் மூக்காயி அவற்றை வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். நாலும் உயிரோடு நெளிந்தன.

"பூசியாச்சுன்னு சொன்னானே?" என்றான் சடையாண்டி, மூச்சிரைக்க.

"கரையானுங்க வந்தாங்க. நான்தான் வேண்டாம்னு திருப்பி அனுப்பிட்டேன்."

"எனக்குத் தெரியவே இல்லையே."

"எழுந்து வந்து ஒரு தடவை பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும்" என்றாள் மூக்காயி. திட்டுகிற குரலில் அவள் சொல்லவில்லை. அதுதான் அவனுக்கு அதிகம் வலித்தது.

அந்த வழியாக எறும்பு வரிசை போனது. கடைசி எறும்பு அவனிடம் நின்றது. "அண்ணே, விளக்கு ஏத்தணும்னு ஒரு சேதி எங்க வரிசையில இருக்கு. இதை யார்கிட்ட கொடுக்கணும்?"

வேலிமேல் ஓணான் வந்து உட்கார்ந்திருந்தது. சடையாண்டி அதைப் பார்த்து, "எனக்கு மூளைன்னு ஒண்ணு இருந்தா உன்னை வேலைக்கு வெச்சிருப்பேனா?" என்றான்.

ஓணான் தலையாட்டியது. மூக்காயி சிரித்துவிட்டாள்.

மழை விட்டதும் விசாரிக்க வந்தான் விருமன்.

"மாப்ளே, உண்மையைச் சொல்லு. உன் வீட்டுல விளக்கு எப்படி எரியுது? மயிலா, எறும்பா, வௌவாலா?"

விருமன் அக்காவை ஒருமுறை பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தான். "அது வந்து மச்சான்… சுவருக்குப் பின்னால நின்னு உங்க தங்கச்சிதான் ஏத்துவா."

சடையாண்டி எழுந்து, மேட்டில் புது வளை தோண்ட ஆரம்பித்தான். முன்வாசலைத் தோண்டுவதற்கு முன்பே பின்வழியைத் தோண்டி, அதன் வாயைப் பொலபொல மண்ணால் தானே மூடினான். பிறகு உள்ளே போய் ஒரு தடவை முட்டிப் பார்த்துவிட்டு, மறுபடியும் மூடினான்.

சொல்லைச் சுமக்க எத்தனை கெட்டிக்காரத் தூதரை வைத்துக்கொண்டாலும், அவர்கள் வராத நாளில் நாமே திறந்துகொள்ள ஒரு வழியை விட்டுவைத்து, அதை அவ்வப்போது எழுந்துபோய்ப் பார்த்துக்கொள்ள வேண்டும்.