யானை மாமாவோடு போன முயல்

பொழுது சாய்ந்ததும் அந்தக் காட்டு முயல்கள் கூட்டமாகத்தான் மேயப் போகும். கடைசி முயல் காதைத் துடைத்து முடிக்கும்வரை ஒன்றும் அசையாது. செவலை என்கிற முயலுக்கு அந்தப் பொறுமை கிடையாது.

"நீங்க காதைத் துடைச்சு முடிக்கிறதுக்குள்ள விடிஞ்சுடும். நான் போறேன்" என்று தனியே கிளம்பிவிட்டது.

பாதி வழியில் கும்மிருட்டு. செவலைக்கு மேலே போகப் பயம். திரும்பிப் போனாலோ மானம் போய்விடும். அதனால் ஒரு யோசனை செய்தது. கூட்டமாக நடப்பதுபோல் தானே பல குரலில் பேச ஆரம்பித்தது.

"யானை மாமா, பார்த்து வாங்க. என் காலை மிதிச்சுடாதீங்க."

பிறகு தொண்டையைக் கட்டையாக்கிக்கொண்டு, "சரிம்மா" என்றது.

புதருக்குள்ளிருந்து ஒரு நரி தலையை நீட்டியது.

"யானையோடவா போறீங்க? நல்லதாப் போச்சு. இந்த வழியில தனியாப் போக எனக்கும் உதறல்தான். நானும் ஒட்டிக்கிறேன்!" என்று செவலையை உரசிக்கொண்டே நடந்தது.

செவலைக்குப் பாதி உயிர் போய்விட்டது. நரியை விரட்டவும் முடியாது, யானையை நிறுத்தவும் முடியாது.

நரி இருட்டைப் பார்த்து மரியாதையாகக் கேட்டது. "மாமா, வீட்டுல எல்லாரும் சௌக்கியமா?"

"சௌக்கியம்" என்றது கட்டைக் குரல்.

"அத்தைக்கு உடம்பு முடியலைன்னாங்களே?"

"தந்தத்துல வலி. பிடுங்கியாச்சு."

நரி நின்றுவிட்டது.

"பெண் யானைக்கு ஏது தந்தம்?"

நரி நாலு பக்கமும் மோப்பம் பிடித்தது. ஒரு யானை வாசனையும் இல்லை.

"அப்போ இங்க இருக்கிறது நீயும் நானும் மட்டும்தானா?" என்று கேட்டுக்கொண்டே பாய்ந்து செவலையின் காதைக் கவ்வியது. செவலை வீறிட்டது, இந்த முறை சொந்தக் குரலில்.

பின்னால் வந்துகொண்டிருந்த முயல் கூட்டம் அதைக் கேட்டு ஓடிவந்தது. இருபத்தொரு முயல்கள், எல்லாம் பின்னங்காலை ஓங்கியபடி நின்றன. நரி ஒரு நொடி யோசித்துவிட்டுக் காதை விட்டது.

"மாமாகிட்ட நான் விசாரிச்சதாச் சொல்லு" என்று சொல்லி நடையைக் கட்டியது. செவலைக்கோ காதில் ஒரு துண்டு போயிருந்தது.

கொஞ்சம் நேரமானாலும் சரி, இருட்டு வழியில் துணை சேர்ந்த பிறகே கிளம்ப வேண்டும். இல்லாத துணையை இருப்பதாகச் சொல்லித் தப்பிக்க முடியாது.