காய்க்காத கொடி

"காய்க்காத கொடிக்கு எதுக்கக்கா தண்ணி?" என்று கேட்டான் தேனப்பன்.

வடிவக்கா இன்னொரு வாளியை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

கோத்தகிரிக்கு மேலே, தேயிலை முடிந்து காடு தொடங்கும் இடத்தில் இருந்தது அவளுடைய மடம். மடம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். தகரக் கூரை, நாலு அறை, பின்னால் ஒரு தோட்டம், அவ்வளவுதான். வடிவக்காவுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. அவளிடம் கேள்வியோடு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரு வேலையோடு திரும்பிப் போவார்கள்.

தோட்டத்தில் ஒரே பந்தலில் இரண்டு கிவிக் கொடிகள் படர்ந்திருந்தன. கடையில் விற்கிற, ரோமம் போர்த்திய கிவி இல்லை இது. பெரிய திராட்சை அளவுதான் இருக்கும். தோல் வழவழவென்றிருக்கும். உரிக்க வேண்டாம், முழுசாக வாயில் போட்டுக்கொள்ளலாம். பனி கொட்டினாலும் கொடி சாகாது.

ஒரு கொடி கொத்துக் கொத்தாகக் காய்த்தது. மற்றது பூக்கும், பூவெல்லாம் உதிரும், வேலை முடிந்தது என்று நிற்கும்.

மடத்தின் இளைய சீடன் தேனப்பனுக்கு அதைப் பார்த்தாலே எரிச்சல். பந்தலில் பாதியை அடைத்துக்கொண்டு, சும்மா தின்றுகொண்டு.

மாசிலாமணிக்கு எந்த எரிச்சலும் கிடையாது. மடத்தில் வயதில் மூத்த சீடர் அவர்தான். பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். பின்னால் விசில் கேட்டால் வண்டியை எடுப்பார், விசில் கேட்டால் நிறுத்துவார். திரும்பிப் பார்த்து ஏன் என்று கேட்டதே இல்லை. மடத்திலும் அப்படித்தான். தண்ணீர் ஊற்று என்றால் இரண்டுக்கும் ஊற்றுவார்.

தேனப்பனிடம் வேறொரு திறமை இருந்தது. கேட்ட குரலை அப்படியே திருப்பித் தருவான். பால்காரர், தபால்காரர், மேட்டில் திணறி ஏறும் பஸ், பஸ்ஸைப் பார்த்துக் குரைக்கும் நாய், எல்லாரும் அவன் தொண்டைக்குள் குடியிருந்தார்கள். மாசிலாமணி குரலில், "படியில நிக்காதப்பா, கண்ணாடி மறைக்குது" என்று அவன் அதட்டினால், முதலில் விழுந்து விழுந்து சிரிப்பவர் மாசிலாமணிதான்.

"என்னை மாதிரி இன்னொருதரம் பேசிக் காட்டு தம்பி" என்பார்.

புரட்டாசி முடிகிற நேரத்தில் அவர் பழம் பறிப்பார். முதலில் ஒன்றைக் குறுக்கே வெட்டிப் பார்ப்பார். விதை கறுத்திருந்தால்தான் மற்றதில் கை வைப்பார். கெட்டியாக இருக்கும்போதே பறித்து, கூடையில் வைக்கோல் பரப்பி, நடுவில் ஒரு வாழைப்பழத்தைப் போட்டு மூடிவிடுவார். அமுக்கினால் மெத்தென்று ஆனதும் கூடையைத் தூக்கிக்கொண்டு மேட்டுப்பாளையம் பஸ் ஏறிவிடுவார்.

அங்கே அவருடைய மகள் இருந்தாள். மகளின் கல்யாணம் அவருக்குப் பிடிக்கவில்லை. அதனால் போகவில்லை. அதற்குப் பிறகு அவள் வீட்டுக் கதவு அவருக்குத் திறக்கவில்லை.

ஒரு வருஷம் இந்தப் பழத்தோடு போய் நின்றிருக்கிறார். உள்ளேயிருந்து, "யாரு?" என்று கேட்டிருக்கிறாள். அப்பா என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. "பழம் கொண்டாந்திருக்கேன்" என்றிருக்கிறார். பேத்தி ஓடிவந்து கதவைத் திறந்துவிட்டாள். அவள் தின்று முடிக்கிற வரைக்கும் அவர் உள்ளே உட்கார்ந்திருந்தார்.

அன்று முதல் வருஷத்துக்கு ஒருமுறை, ஒரு கூடைப் பழத்துக்கு அந்தக் கதவு திறந்தது. மடத்தில் எல்லாருக்கும் இது தெரியும். தேனப்பனுக்கும் தெரியும்.

மாசி மாதத்தில் ஒரு காலை. வடிவக்கா நாற்று வாங்க விடியும் முன்பே கீழே இறங்கியிருந்தாள். மாசிலாமணிக்கு அது தெரியாது. அவர் கைவாளும் கத்தரியுமாகப் பந்தலடியில் நின்று, பழைய கிளைகளைக் கழித்துக்கொண்டிருந்தார்.

தேனப்பன் அக்காவின் அறைக்குள் புகுந்து, சாத்தியிருந்த ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தான். அக்கா பேசுமுன் ஒரு சின்னச் செருமல் செருமுவாள். அதையும் அவன் விடவில்லை.

"அண்ணா. அந்தக் காய்க்காத கொடியை அடியோட அறுத்துடுங்க."

அவன் போட்ட கணக்கு இதுதான். மனுஷன் பதறி ஜன்னலுக்கு வருவார், ஏன்மா என்று கேட்பார், அப்போது படாரென்று ஜன்னலைத் திறந்து பஸ் ஹாரன் அடிக்க வேண்டும். சிரிப்பு இப்போதே தொண்டையை முட்டியது. வாயைப் பொத்திக்கொண்டான்.

யாரும் ஜன்னலுக்கு வரவில்லை.

வாள் அறுக்கும் சத்தம் கேட்டது.

தேனப்பன் ஓடினான். மணிக்கட்டுப் பருமன் இருந்த தண்டு தரையை ஒட்டி அறுபட்டிருந்தது. வெட்டுவாயிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. மாசிலாமணி அதைத் துண்டால் ஒற்றிக்கொண்டிருந்தார். ஒற்ற ஒற்ற ஊறியது.

"அம்மா சொன்னாங்க தம்பி" என்றார்.

அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். வாயில் அத்தனை பேர் குரல் இருந்தது, ஒன்றும் வெளியே வரவில்லை.

மதியம் வடிவக்கா திரும்பினாள். தண்டைப் பார்த்தாள். மாசிலாமணியைப் பார்த்தாள்.

"நீங்க சொன்னீங்களேம்மா" என்றார் அவர். அவருடைய முகம் மெல்ல வெளுத்துக்கொண்டு வந்தது.

"என் குரல்தானேண்ணா?"

"உங்க குரலேதாம்மா. செருமிட்டுத்தான் சொன்னீங்க."

வடிவக்கா தலையைத் திருப்பவில்லை. தூணருகே நின்ற தேனப்பனைக் கண் மட்டும் ஒருமுறை தொட்டுவிட்டு வந்தது.

"அப்ப நான்தான் சொன்னேன்" என்றாள்.

அன்று தேனப்பன் நிம்மதியாகச் சாப்பிட்டான். தப்பித்தோம் என்று நினைத்தான். இதற்குப் பிறகு ரொம்ப நாள், அந்தச் சாப்பாட்டை அவனால் மறக்க முடியவில்லை.

சித்திரையில் மிச்சமிருந்த கொடி பூத்தது. வருஷம் காணாத பூ. தேனீக்கள் வந்தன, போயின. மாசிலாமணி தினமும் அண்ணாந்து பார்த்தார். ஒரு பூவில்கூடப் பிஞ்சு பிடிக்கவில்லை. வெள்ளை வெள்ளையாகத் தரையில் கொட்டியது. உரம் குறைவோ என்று எரு வைத்தார். மீதிப் பூவும் கொட்டியது.

"ஏன் அக்கா?" என்று கேட்டான் தேனப்பன். அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை.

வடிவக்கா ஒரு பூவைப் பறித்து அவன் உள்ளங்கையில் வைத்தாள். நடுவில் சின்ன வெள்ளைச் சக்கரம் ஒன்று, ஆரக்கால்களை விரித்துக்கொண்டு இருந்தது.

"அந்தக் கொடிப் பூவில இது இருந்துச்சா?"

யோசித்தான். இல்லை. அதில் வெறும் மகரந்தப்பொடிதான். விரலில் ஒட்டும்.

"இது பெண். அது ஆண்" என்றாள். "இந்த மலையில வேற ஆண் கொடி கிடையாது."

பிறகு வாளியை எடுத்துப் போய், அறுபட்ட தண்டுக்குத் தண்ணீர் ஊற்றினாள்.

தண்டு ஒரு துளிர் விட்டது. அது ஏறிப் பூக்க எத்தனை வருஷம் ஆகும் என்று அவன் கேட்கவில்லை. மாசிலாமணி படி ஏறும்போது இப்போதெல்லாம் முழங்காலைப் பிடித்துக்கொள்கிறார் என்பதை மட்டும் கவனித்தான்.

பழம் பறிக்கும் நாள் வந்தது. மாசிலாமணி வழக்கம்போலக் கூடையைக் கழுவி வெயிலில் காயவைத்தார். வைக்கோலும் பரப்பினார். பிறகு என்ன நினைத்தாரோ, வைக்கோலை அள்ளி வெளியே போட்டுவிட்டு, கூடையைச் சமையலறைப் பரணில் கவிழ்த்து வைத்தார். யாரோ கடையில் ஆப்பிள் வாங்கிப் போகலாமே என்றார்கள். கடைப் பழம் மகள் வீட்டிலேயே இருக்குமே என்றுவிட்டு நகர்ந்தார்.

பழம் இல்லாமல் அந்த வாசலில் நின்று என்ன பேசுவது என்று அவருக்குத் தெரியவில்லை. அதுதான் விஷயம்.

அன்று மாலை வடிவக்கா பரணிலிருந்து கூடையை இறக்கினாள். தேனப்பனைக் கூப்பிட்டு அவன் கையில் கொடுத்தாள்.

"அண்ணன்கிட்ட கொண்டுபோய்க் குடு."

"காலிக் கூடை அக்கா இது."

"ஏன் காலின்னு உனக்குத் தெரியுமே, போதும்."

மாசிலாமணி பந்தலடியில் உட்கார்ந்திருந்தார். தேனப்பன் கூடையை அவர் முன்னால் வைத்தான். எல்லாவற்றையும் சொன்னான். சாத்தின ஜன்னல், செருமல், பொத்தின வாய், தூணருகே நின்றது, அன்று தின்ற சோறு. அழுதானா என்றால், அழுதான். யார் மாதிரியும் இல்லாமல், அவனாகவே அழுதான்.

மாசிலாமணி கூடையின் விளிம்பைத் தடவிக்கொண்டே இருந்தார். கோபித்தால் தேவலை என்றிருந்தது அவனுக்கு. அவர் கோபிக்கவில்லை.

"என்னை மாதிரி ஒருதரம் பேசிக் காட்டு தம்பி" என்றார்.

தேனப்பன் நிமிர்ந்தான்.

"நாளைக்கு நான் போய்க் கதவைத் தட்டுறேன். அவ உள்ள இருந்து யாருன்னு கேக்குறா. என் கையில ஒண்ணுமில்ல." கூடையைச் சாய்த்துக் காட்டினார். "இப்ப நான் என்ன சொல்றேன்?"

அவர் காத்திருந்தார். நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோல் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருக்கு வாய் வராத அந்த ஒரு சொல்லுக்காகத் தேனப்பன் வாயைத் திறந்தான்.