மௌன நேரத்தில் மாட்டிய பிளேட்

அருளப்பன் அன்றைக்கும் அதையேதான் கேட்டார்.

"பயம் எப்போ போகும்?"

குரு ஜீப்பின் பானட்டைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"அந்த முனையைப் பிடிங்க ஐயா. பயத்தை அப்புறம் பார்ப்போம்."

பிடித்தார். குருவுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. சீடரான அருளப்பன், வரைபடம் வரையும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்த பிறகு அவருக்குத் தூக்கம் போய்விட்டது. யாரோ சொல்லி, பஸ் ஏறி, மலையின் இந்தக் கடைசி ஊருக்கு வந்தார். சனிக்கிழமைகளில் அவள் வீட்டு முன்னறையில் சிலர் உட்காருவார்கள். அவள் போதிக்கமாட்டாள். பேசாமல் இருக்கச் சொல்வாள், தானும் பேசாமல் இருப்பாள். பிறகு ஆளுக்கு ஒரு டம்ளர் கஞ்சி. அவ்வளவுதான். ஆனால் அந்த அறையிலிருந்து எழுந்து போகும் நாளில் மட்டும் அவருக்குத் தூக்கம் வந்தது. அதனால் அவளைக் குரு என்று அழைத்தார். அவள் வேண்டாம் என்றாள். அவர் விடவில்லை.

இன்று உட்காரும் நாள் இல்லை. இன்ஜின் மாற்றும் நாள்.

எட்டுப் பேர் ஏறக்கூடிய பழைய டீசல் வண்டி அது. ஊரில் அதற்கு ஜீப் என்றுதான் பெயர். போன மாதம் கொண்டை ஊசி வளைவில் தண்ணீர் கொதித்து, இன்ஜின் உள்ளே விரிசல் விட்டது. அதே மாதிரி வண்டி ஒன்று எங்கோ மோதி நசுங்கி, அதன் இன்ஜின் மட்டும் காயலாங்கடையில் கிடந்தது. குருவோடு பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த டெல்பின் அதை வாங்கித் தன் டெம்போவில் ஏற்றி வந்துவிட்டாள். குருவின் கணவன் மஸ்கட்டில் இருந்தான். அவனுடைய நண்பன் ஜாபர், எஸ்டேட்டில் ஜெனரேட்டர் பார்ப்பவன், லீவு போட்டுவிட்டு வந்திருந்தான்.

அவசரம் ஜீப்புக்கு இல்லை. உள்ளே கட்டிலில் கிடந்த இவாவுக்கு. குருவின் மகள், நாலு வயது. மழை தொடங்கினால் அவளுக்கு இழுப்பு வரும். வாயில் மருந்து பம்ப் அடித்தும் அடங்காவிட்டால் உடனே கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கீழே போகும் வழியில் ஒரு ஓடை. பாலம் கிடையாது. தண்ணீர் வந்துவிட்டால் டெம்போ இறங்காது, பைக் இறங்காது. இந்த ஜீப் மட்டும்தான் இறங்கி ஏறும்.

மேற்கே வானம் கறுத்திருந்தது.

மூன்று இரும்புக் குழாய்களை முக்காலியாகக் கட்டி, நடுவில் சங்கிலிக் கப்பியை மாட்டினான் ஜாபர்.

"இப்பவே சொல்லிட்டேன். இன்ஜின் சங்கிலியில தொங்குற வரைக்கும் ஒரே குரல்தான். என் குரல். நாலு பேரு நாலு சொன்னா யாருக்காவது விரல் போயிரும்."

"வீட்டுல கிடைக்காத மரியாதை," என்றாள் டெல்பின். "இன்ஜின் தொங்குறப்பதான் அவனுக்குக் கிடைக்குது. கொடுத்துத் தொலைப்போம்."

"சங்கிலியை இழு தாயே."

"பிரிஜி, உன் சீடர்கிட்ட பதினாலு ஸ்பேனர் கேட்டேன். பதினேழு குடுக்கிறார்," என்றாள் டெல்பின் குருவிடம்.

"மன்னிக்கணும்," என்றார் அருளப்பன்.

"மோட்சத்துக்குப் போறவருக்குப் பதினாலும் பதினேழும் ஒண்ணுதானே. பரவாயில்லை சாமி, குடுங்க."

குருவை ஒருவர் பிரிஜி என்று கூப்பிடுவதும், அவள் தலையில் மசகுக் கையாலேயே தட்டுவதும் அவருக்கு என்னவோ போல் இருந்தது. அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

பழைய இன்ஜின் மெல்ல எழுந்து, ஆடி, வெளியே வந்து, டயர்மேல் உட்கார்ந்தது. அதன் பின்பக்கத்திலிருந்து கிளட்ச் பிளேட்டைக் கழற்றினார்கள். தோசைக்கல் அளவு வட்டம். ஒரு முகம் தட்டை, மறு முகத்தில் நடுப்பகுதி புடைத்திருந்தது. இன்ஜினுக்கும் கியருக்கும் நடுவில் பிடித்து விடுகிற சாமான் இதுதான் என்றான் ஜாபர். புடைத்த முகம் வெளிப்பக்கம் பார்த்து இருந்தது. வாழ்நாள் முழுக்கப் படம் வரைந்தவர் கண், அது பார்த்து வைத்துக்கொண்டது.

பழையதை ஓரமாகப் போட்டுவிட்டுப் புதிய பிளேட்டைப் பிரிக்கும்போது சிற்றாலயத்தில் நடுப்பகல் மணி அடித்தது.

பேச்சு நின்றது.

அந்த வீட்டுப் பழக்கம் அது. நடுப்பகல் மணி அடித்தால் குரு கண்ணைத் திறந்து சரி என்று சொல்லும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. கை வேலை செய்யலாம். பால்காரர்கூட வாசலில் சொம்பை வைத்துவிட்டுச் சைகை காட்டிப் போவார். டெல்பினும் ஜாபரும் கிண்டல் செய்வார்கள், ஆனால் மீறமாட்டார்கள். ஜாபர் சத்தமில்லாமல் ஜீப்புக்கு அடியில் படுத்து கியர்பாக்ஸைத் துடைத்தான். டெல்பின் சங்கிலி முனையைப் பிடித்து நின்றாள்.

புதிய இன்ஜின் முன்னால் குரு மண்டியிட்டு உட்கார்ந்தாள். அவள் முகம் அசைவில்லாமல் இருந்தது. தலை சற்றுச் சாய்ந்திருந்தது. எங்கோ தூரத்தில் இருப்பவள் மாதிரி. சனிக்கிழமைகளில் அருளப்பன் பார்த்துப் பார்த்து ஏங்கிய முகம் அதுதான்.

அந்த முகத்தோடு அவள் பிளேட்டை எடுத்து வைத்தாள். புடைத்த பக்கம் உள்ளே போனது.

அருளப்பன் பார்த்தார்.

வாயைத் திறந்தார். மூடினார். மௌனம். அதுவுமல்லாமல், குருவின் கை. புது பிளேட் வேறு மாதிரியாக இருக்கலாம். தனக்கு என்ன தெரியும்? பதினாலுக்குப் பதினேழு கொடுத்தவர்.

மேலே மூடித் தகட்டை வைத்து போல்ட்டுகளை ஒவ்வொன்றாக முறுக்கினாள். பிளேட் மறைந்தது.

"சரி," என்றாள் கொஞ்ச நேரம் கழித்து.

"பிளேட் ஆச்சா?" அடியிலிருந்து ஜாபர்.

"ஆச்சு."

அப்போதும் அருளப்பன் சொல்லவில்லை.

இன்ஜினை இறக்கி கியர்பாக்ஸோடு சேர்க்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. தார்ப்பாயை இழுத்துக் கட்டினார்கள். குழாய்கள், ஒயர்கள், ரேடியேட்டர். கடைசியில் ஜாபர் சாவியைத் திருப்பினான். இருமியது. மறுபடி திருப்பினான். கறுப்புப் புகை ஒன்றைத் துப்பிவிட்டு இன்ஜின் ஓட ஆரம்பித்தது.

டெல்பின் குருவைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். "காயலாங்கடைக்காரன் சத்தியம் பண்ணினான்டி. நான்தான் நம்பலை."

ஜாபர் கிளட்சை மிதித்து கியரைத் தள்ளினான். கடகடவென்று அரைத்தது. விழவில்லை. மறுபடி மிதித்தான். இறங்கி எதையோ திருகி, ஏறி மிதித்தான். அதே அரைப்பு.

இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினான்.

"பிரிஜி, பிளேட்டை எந்தப் பக்கமா வெச்சே?"

அவள் யோசித்தாள்.

"தெரியலை."

"தெரியலைன்னா?"

"ஞாபகம் இல்லை ஜாபர்."

"எனக்குத் தெரியும்," என்றார் அருளப்பன். "புடைப்பு உள்பக்கம் போச்சு."

மூவரும் அவரைப் பார்த்தார்கள்.

"பார்த்துக்கிட்டா இருந்தீங்க?" என்றான் ஜாபர்.

"பார்த்தேன்."

"பார்த்துட்டு?"

"மௌன நேரம்."

டெல்பின் சங்கிலியைக் கீழே போட்டாள். "பெரியவரே, வயசுக்கு மரியாதை குடுத்துப் பேசாம இருக்கேன். நீங்க வேற எதுக்கோ பேசாம இருந்திருக்கீங்க."

குரு குனிந்து அந்தச் சங்கிலியை எடுத்து ஓரமாக வைத்தாள். திட்டியிருந்தால் அவருக்குத் தேவலாம் போல் இருந்திருக்கும்.

"எல்லாத்தையும் திரும்ப இறக்கணும்," என்றான் ஜாபர். "நாளைக்கு மத்தியானம் ஆயிரும்."

அப்போது உள்ளேயிருந்து அந்தச் சத்தம் வந்தது. இருமல் இல்லை. ஓட்டை விழுந்த விசில் மாதிரி. குரு ஓடினாள்.

பம்ப் அடித்தாள். கொஞ்சம் பொறுத்து மறுபடி அடித்தாள். ஆவி பிடிக்கும் மெஷின் இருந்தது, மழையில் கரண்ட் போயிருந்தது. இவா தோளை ஏற்றி ஏற்றி மூச்சை இழுத்தாள். அழவில்லை. அழுவதற்குக் காற்று இல்லை.

டெல்பின் ஆம்புலன்ஸுக்குப் பேசிவிட்டு வந்தாள். "ஓடைக்கு அந்தக் கரை வரைக்கும் வர்றாங்களாம். இந்தப் பக்கம் நாமதான் கடக்கணும். இந்த மழைக்குத் தண்ணி தொடை வரைக்கும் ஓடும். தூக்கிட்டு இறங்க முடியாது."

ஜாபர் ஜீப்பைப் பார்த்தான்.

"கிளட்ச் இல்லாமலும் நகரும். லோ கியர்ல போட்டுட்டு சாவியைத் திருப்பினா வண்டி அப்படியே கிளம்பிரும். ஆனா வேற கியர் மாத்த முடியாது. நிறுத்தணும்னா இன்ஜினையே அணைக்கணும். ஓடை நடுவுல அணைஞ்சுதுன்னா..." நிறுத்திக்கொண்டான். "நான் ஓட்டுறேன்."

"தண்ணிக்குள்ள பாறை எங்கேன்னு உனக்குத் தெரியாது," என்றாள் குரு. "நான் ஓட்டுறேன். நீங்க ரெண்டு பேரும் கயிறோட முன்னாடி ஓடுங்க, யாராவது தண்ணியில விழுந்தா பிடிக்க ஆகும்."

பிறகு திரும்பினாள். "ஐயா, நீங்க பிள்ளையைப் பிடிங்க."

"நானா?"

"வேற யாரு இருக்கா?"

ஜீப் ஒரு குதி குதித்துக் கிளம்பியது. அடியில் இரும்பும் இரும்பும் உரசின. இன்ஜின் அலறியது, வண்டி நடக்கிற வேகத்தில் இறங்கியது. பின்சீட்டில் அருளப்பன் இவாவை நிமிர்த்தி, நெஞ்சோடு சாய்த்துப் பிடித்திருந்தார். அவள் விலா எலும்புகள் அவர் கைக்குள் திறந்து திறந்து மூடின.

"என் தப்பு," என்றார்.

"நான் வெச்ச பிளேட்."

"உங்க முகத்துல ஒரு அமைதி இருந்துச்சு. அதைக் கலைக்க மனசு வரலை."

அவள் வளைவைப் பார்த்து ஸ்டியரிங்கை ஒடித்தாள்.

"அது அமைதி இல்லை ஐயா. மத்தியானம்தான் அவ தூங்குவா. தூக்கத்துலதான் அவளுக்கு மூச்சு நிக்கப் பார்க்கும். வாசல்ல இருந்தபடியே அது கேட்குதான்னு கவனிப்பேன். நாலு பேரு பேசினா கேட்காது. அதனாலதான் பேச வேண்டாம்னு வெச்சேன். இன்னைக்கு அது சரியா கேட்கலை. கை என்ன பண்ணுச்சுன்னு எனக்குத் தெரியலை."

"தினமும் இதுதானா?"

"தினமும்."

"சனிக்கிழமை நாங்க உட்காருறப்ப?"

"அப்பவும்தான். பக்கத்து அறையிலதானே படுத்திருப்பா."

அத்தனை சனிக்கிழமைகள். கண்ணை மூடி, அந்த அறையில் இருந்த ஏதோ ஒன்றை உள்ளே வாங்கிக்கொண்டு போய் அவர் தூங்கியிருந்தார். அது ஒரு தாயின் பயம் என்று இப்போதுதான் தெரிந்தது. கேட்பதற்கு அவரிடம் கேள்வி எதுவும் மிச்சம் இல்லை.

ஓடை தெரிந்தது. பழுப்புத் தண்ணீர் மரக்கிளைகளை உருட்டிக்கொண்டு போனது. டெல்பினும் ஜாபரும் கரையில் மரத்தில் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கரையில் ஆம்புலன்ஸ் விளக்கு இன்னும் இல்லை. குரு வேகத்தைக் குறைக்கவில்லை. குறைக்க வழியும் இல்லை. முன்சக்கரம் தண்ணீரில் விழுந்தது.

"இந்தச் சத்தத்துல எனக்குக் கேட்கலை," என்றாள். "மூச்சு வருதா?"

"வருது."

"நிறுத்தாதீங்க. சொல்லிக்கிட்டே வாங்க."

"வருது."

தண்ணீர் கதவின் அடியால் உள்ளே ஏறி அவர் பாதத்தைத் தொட்டது. வண்டி பக்கவாட்டில் சரிந்து, ஏதோ பாறையில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்று, மறுபடி ஊர்ந்தது.

"வருது. வருது."

அடுத்த சொல்லுக்குக் கொஞ்சம் நேரமானது. அவர் குனிந்து குழந்தையின் வாயருகே காதை வைத்தார். குரு திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் பாறை தவறிவிடும்.

"வரலைன்னாலும் சொல்லணும் ஐயா," என்றாள்.