பொந்துக்கும் பழத்துக்கும் நடுவே

அந்த மலைச்சரிவின் பழமரங்களை எல்லாம் வெட்டிச் சாய்த்தது நீதான். பெயர் சொல்ல வேண்டாம், உனக்கே தெரியும். நீ விட்டுவைத்தது ஒரே ஒரு அத்தி மரம்.

அந்த ஒரு மரத்துக்காக நாலு குரங்குக் கூட்டம் அடித்துக்கொண்டது. கடைசியில் மரத்தைப் பிடித்தது மொக்கையன் என்ற கருமந்தி. பாதிக் காது போய்த்தான் மரம் கிடைத்தது. அதனால் ஓசியில் அவன் யாருக்கும் ஒரு காய்கூடக் கொடுத்ததில்லை.

ஒரு காலையில் இருவாச்சிப் பறவை ஒன்று கிளையில் வந்து உட்கார்ந்தது.

"அண்ணே, கொஞ்சம் பழம் வேணும்."

"பதிலுக்கு எனக்கு என்ன தருவே?"

"மேலே பறக்கிறவன் நான். கழுகு வந்தா முதல்ல எனக்குத்தான் தெரியும். கத்திச் சொல்றேன்."

கழுகுக்குப் பயந்தே மொக்கையனின் குட்டிகள் உச்சிக் கொம்புக்குப் போவதில்லை. "சரி. ஆனா இங்கேயே தின்னணும். ஒண்ணுகூட வெளியே போகக் கூடாது."

இருவாச்சி தலையாட்டியது. அவன் கண்ணெதிரே லபக் லபக்கென்று விழுங்கியது. பறந்தது. திரும்பி வந்தது. ஒரே காலையில் ஏழு தடவை. சொன்னபடி கழுகு வந்தபோதெல்லாம் கத்தவும் செய்தது. ஆனால் வாரக்கணக்கில் தின்றும் அதன் நெஞ்செலும்பு துருத்திக்கொண்டே வந்தது.

"இவ்வளவு தின்னும் இளைக்கிறான்னா, எங்கேயோ ஏமாத்துறான்." மொக்கையனுக்கு ரத்தம் கொதித்தது. பின்னாலேயே தாவிப் போனான்.

ஒரு பெரிய மரத்தில் பொந்து. அதன் வாயை மண் பூசி அடைத்திருந்தது. நடுவில் விரல் அகலத்துக்கு ஒரு கீறல். இருவாச்சி தொண்டையிலிருந்து பழங்களை ஒவ்வொன்றாக மேலே கொண்டுவந்து கீறலுக்குள் நீட்டியது. உள்ளிருந்து ஓர் அலகு வாங்கிக்கொண்டது. முப்பது பழம். தனக்கென்று அது ஒன்றைக்கூட வைத்துக்கொள்ளவில்லை.

"பேசின பேச்சு என்னடா, திருட்டுப் பயலே!"

"தப்புதான் அண்ணே. உள்ளே என் வீட்டுக்காரி, குஞ்சோட. பாம்புக்குப் பயந்து வாயை மண்ணால அடைச்சுக்கிட்டு அடை உட்கார்ந்தா. இறகெல்லாம் உதிர்ந்து கிடக்கா, பறக்க முடியாது. நீங்க விரட்டினா ரெண்டு பேரும் ரெண்டு நாள் தாங்க மாட்டாங்க."

"எவ்வளவு பெரிய வானம் கிடக்கு! வேற ஜோடி தேடிக்காம இந்த ஓட்டையைக் கட்டிக்கிட்டு அழுறியே."

"இவ முதல் தடவை உள்ளே போறதுக்கு முன்னால எனக்கு வானம் வெறும் காத்து, அண்ணே. அப்புறம்தான் அதுக்கு இந்தக் கரை, அந்தக் கரைன்னு ரெண்டு இருக்கு."

பொந்துக்குள்ளிருந்து குரல் வந்தது. "எனக்குத் தெரியற வானம் ஒரு கீத்துதான். அதுல இவர் வர்றார். மிச்ச வானத்தை நீங்களே வச்சுக்கோங்க."

மொக்கையன் குனிந்து மரத்தடியைப் பார்த்தான். போன வருஷங்களில் கீறல் வழியே துப்பிய கொட்டைகள் முழங்கால் உயரக் கன்றுகளாக நின்றன. வெட்டுப்பட்ட மரங்களின் ஜாதி அத்தனையும் அங்கே இருந்தது.

"பழைய பேச்சு ரத்து" என்று உறுமினான். "இனிமே முதல் பத்துப் பழம் உன் வயித்துக்கு. என் கண் முன்னால. அப்புறம் எத்தனை வேணா கொண்டு போ."

"பத்து ஜாஸ்தி அண்ணே. நாலு?"

"எட்டு. அதுக்குக் கீழே இறங்க மாட்டேன்."

அன்பு ஒரு சின்னப் பொந்துக்குத்தான் பழம் சுமக்கிறது, ஆனால் அது சிந்துகிற கொட்டையில்தான் உலகமே முளைக்கிறது. ஆகவே கோடாரியைக் கீழே போட்டுவிட்டு, சாய்த்த மரத்துக்கு மரம் நட்டுக் கொடு, இனியாவது.