மோதிரம் போட்ட எலி

"விரத நாளில்தான் அதிரசப் பானை சீக்கிரம் காலியாகிறது. அதுவும் மோதிரம் போட்ட எலி."

அரண்மனைச் சமையற்கட்டைக் கடந்துபோன அமைச்சர் மாதேவரின் காதில் இது விழுந்தது. சொன்னது பரிசாரகர். அமைச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டு அவைக்கு விரைந்தார். அங்கே ஓர் உயிர் ஊசலாடிக்கொண்டிருந்தது.

அப்போது மருதாடு என்னும் நாட்டை ஆண்டவன் கோடைமாறன். காலையில் ஒன்றைப் பிடித்தால் மாலையில் விட்டுவிடும் அரசன். அண்மையில் அவன் பிடித்திருந்தது அஞ்சனமூர்த்தியை. வெற்றிலையில் மை தடவி உற்றுப் பார்த்தால் அயல்நாட்டு அரண்மனையே தெரியும் என்றார் மூர்த்தி. ஒற்றர்களுக்குக் கொடுக்கும் சோறு வீண் என்றும் சொல்லிவைத்தார்.

பக்கத்து நாட்டில் ஆயிரம் யானைகள் போருக்கு நிற்பதாக மை காட்டியது. அங்கிருந்து திரும்பிய ஒற்றன் பொன்னங்கனோ, இருப்பது பத்து யானைகள், அவையும் ஏரிக்கரைக்கு மண் மிதிக்கின்றன என்றான். எதிரியிடம் விலைபோனவன் என்று அவனைக் கழுவேற்ற ஆணையாயிற்று. மறுநாள் படை புறப்படவும் முரசு அறையச் சொல்லியிருந்தான் அரசன்.

மாதேவர் மூர்த்தியை வாயாரப் புகழ்ந்தார். பிறகு பணிவாகக் கேட்டார்: "மலைக்கு அப்பால் தெரிவது மதிலுக்கு இப்பால் தெரியாதா, சுவாமி? நேற்று ஏகாதசி. உச்சிப்பொழுதில் நம் மன்னர் தனியறையில் என்ன செய்தார் என்று பார்த்துச் சொல்லுங்களேன்."

அரசன் சிம்மாசனத்தில் நெளிந்தான். "அது எதற்கு இப்போது?"

"தங்கள் பெருமையை அவையும் அறியட்டுமே, மன்னா."

மூர்த்தி வெற்றிலையை முகத்தருகே கொண்டுபோனார். "ஆகா, தர்ப்பைப் பாயில் அமர்ந்திருக்கிறார். கண்கள் மூடியிருக்கின்றன. பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவில்லை."

அவையோர் கைகூப்பினார்கள். அரசன் பெருமூச்சு விட்டான். விட்ட மூச்சு பாதியில் நின்றது. மூர்த்தியின் பக்கம் திரும்பினான்.

"யானைகளும் இவ்வளவு தெளிவாகத்தான் தெரிந்தனவா, மூர்த்தி?"

"இம்மியும் குறையாமல், மன்னா."

"சரியாகப் பார்த்தாரா, மன்னா? தங்களைத் தவிர யாருக்குத் தெரியும்?" என்றார் மாதேவர், தரையைப் பார்த்தபடி.

"உமக்கும் தெரியும் போலிருக்கிறதே, ஓய்" என்று முணுமுணுத்தான் அரசன். பிறகு குரலை உயர்த்தி, கைகட்டுண்டு நின்ற பொன்னங்கனை அவிழ்த்துவிடச் சொன்னான். முரசு வேண்டாம் என்றான். மூர்த்தி நடந்தே பக்கத்து நாட்டு ஏரிக்குப் போய், யானைகளைத் தம் சொந்தக் கண்ணால் எண்ணிவர வேண்டும். மை டப்பா இங்கேயே இருக்கட்டும்.

பொன்னங்கன் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டு நின்றான். சிறையில் இருந்த மூன்று நாளும் அவன் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. அரசன் இறங்கிவந்து, மடியிலிருந்து வாழையிலைப் பொட்டலம் ஒன்றை எடுத்துப் பிரித்தான். உள்ளே இருந்த ஒற்றை அதிரசத்தை அவன் கையில் வைத்தான்.