மெய்ரசிகர் சங்கத்தில் சேர்ந்த அணில்

காட்டின் நடுவே ஒரு நாவல் மரம். அதில் கொறியன் என்ற அணிலும் அவன் மனைவி பஞ்சியும் நான்கு பிள்ளைகளோடு வாழ்ந்து வந்தார்கள்.

பக்கத்துக் கிளையில் ஒரு கரிச்சான் குருவி குடியிருந்தது. மாலை வேளையில் அது ஒற்றைத் தந்தன் என்ற யானையின் கதையைச் சொல்லும். இன்று யானை ஆற்றைக் கடக்கும். நாளை புலியை விரட்டும். கதை வளர்ந்துகொண்டே போகும். கட்டணம் கிடையாது. கொறியனுக்கு அந்தக் கதை என்றால் உயிர்!

கதை கேட்க வரும் கூட்டத்தை ஒரு நரி பார்த்தது. அதன் நாக்கில் எச்சில் ஊறியது. மறுநாளே மரத்தடியில் 'ஒற்றைத் தந்தன் மெய்ரசிகர் சங்கம்' தொடங்கிவிட்டது.

"கதை கேட்பவன் எல்லாம் ரசிகனா?" என்றது நரி. "மெய்ரசிகன் காலையில் கிளைக்கதை கேட்க வேண்டும். மதியம் விவாதத்துக்கு வரவேண்டும். மாலையில் மூலக்கதை. வரும்போது வெறுங்கையோடு வரக்கூடாது!"

"கிளைக்கதையை யார் சொல்வார்கள்?" என்று கேட்டான் கொறியன்.

"வேறு யார்? நான்தான்!"

கொறியன் அன்றே சேர்ந்துவிட்டான்.

மதிய விவாதங்களில் அனல் பறந்தது. யானைக்குத் தந்தம் இடப்பக்கமா, வலப்பக்கமா? "வலப்பக்கம்தானே?" என்றது ஒரு முயல்.

"நேற்று வந்தவனுக்கு என்ன தெரியும்!" என்று கொறியன் கெக்கலித்தான். முயல் கண்கலங்கி எழுந்து போனது. கொறியனுக்கு 'மூத்த ரசிகர்' பட்டம் கிடைத்தது. வாலைத் தூக்கிக்கொண்டு வீடு திரும்பினான்.

பிறகு நரி ஒரு மரப்பட்டையைக் கொண்டுவந்தது. "ஒற்றைத் தந்தன் முதுகு உரசிய பட்டை! பாசி படிந்தது. இனி கிடைக்காது!"

மழைக்காலத்துக்குச் சேர்த்திருந்த கடலையில் பாதி போனது. மறுவாரம் பாசி படியாத பட்டை வந்தது. "இரண்டும் இருந்தால்தான் ஜோடி" என்றது நரி. மீதிக் கடலையும் போனது.

"என்னங்க, ஐப்பசி வந்துவிட்டது. கூடு ஒழுகுகிறது. கொஞ்சம் நார் கொண்டு வாருங்கள்!" என்றாள் பஞ்சி.

"இந்தக் காண்டம் முடியட்டும்."

"முடிந்தால் வருவீர்களா?"

"அதெப்படி? அடுத்த காண்டம் ஆரம்பித்துவிடுமே!"

ஒருநாள் மதியம் வானம் கறுத்தது. பேய்க்காற்று அடித்தது. கூடு பிய்ந்து தொங்கியது. பஞ்சி ஒவ்வொரு பிள்ளையாக வாயில் கவ்விப் புளியமரப் பொந்துக்குத் தூக்கிப் போனாள். கடைக்குட்டி வழுக்கி வெள்ளத்தில் விழுந்தது. பஞ்சி பாய்ந்து அதன் கழுத்தைக் கவ்வி இழுத்தாள். அந்நேரம் கொறியன் ஒரு பாறைக்கடியில் தந்தத்தின் நீளம் பற்றி வாதாடிக்கொண்டிருந்தான்.

நனைந்து வந்தவன் நடுங்கிக் கிடந்த கடைக்குட்டியைப் பார்த்தான். 

"அப்பா, பசிக்குது" என்றது அது.

கொறியன் பிய்ந்த கூட்டில் கிடந்த பட்டைகளைத் தூக்கிக்கொண்டு நரியிடம் ஓடினான். "இவற்றைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். கொஞ்சம் கடலை கொடுத்தால் போதும்!"

"இவை முதல் காண்டப் பட்டைகள் ஆயிற்றே!" என்றது நரி. "நடப்பதோ மூன்றாம் காண்டம். எவன் வாங்குவான்?"

மேலே இருந்த கரிச்சான் எட்டிப் பார்த்தது. "யானை உரசிய பட்டையா? அந்த யானையே நான் இட்டுக்கட்டியது. அது எந்த மரத்தில் போய் உரசியது?"

நரி அசரவில்லை. "கதை சொல்கிறவருக்கு என்ன தெரியும்? மெய்ரசிகர்களைக் கேளுங்கள்!"

கொறியன் தலையைத் தொங்கப்போட்டுத் திரும்பினான். பொந்தின் மேற்பக்கம் ஒழுகியது. பஞ்சி பாசிப் பட்டைக்குக் கையை நீட்டினாள்.

"அது அபூர்வமான பட்டை!" என்று அவன் வாய் தன்னால் சொன்னது.

"நல்லதாகப் போயிற்று. அபூர்வமாக அடைக்கும்!" என்று அதை ஓட்டையில் திணித்தாள் பஞ்சி.

மழைக்காலம் முழுவதும் கொறியன் ஈரத்தில் அலைந்து, விழுந்து கிடந்த கொட்டைகளைப் பொறுக்கிப் பிள்ளைகளைக் காப்பாற்றினான்.

வானம் வெளுத்ததும் கரிச்சான் கதையைத் தொடர்ந்தது. கொறியன் பிள்ளைகளோடு கிளையில் வந்து உட்கார்ந்தான். கையில் ஓர் இலந்தைப் பழம்.

கீழிருந்து நரி கத்தியது: "நான்காம் காண்டம்! பழத்தைப் போடு! இல்லாவிட்டால் நீ அரைகுறை ரசிகன்!"

"அரைகுறைதான் ஐயா!" என்ற கொறியன், பழத்தைக் கடித்துக்கொண்டே பிள்ளைகளிடம் சொன்னான்: "சத்தம் போடாதீர்கள், யானை வரப்போகிறது!"

நீதி: விரும்பியதை ரசிக்கச் செலவு கொஞ்சம்தான்; 'என்னைவிட ரசிகன் எவன்?' என்று காட்டிக்கொள்ளப் புறப்பட்டால் குடியிருக்கும் கூடும் மிஞ்சாது.