கவுதாரி மலையில் விழுந்தவர்கள்

தீர்ப்புச் சொல்வதில் ஆசை உள்ளவர்கள் கொஞ்சம் காது கொடுங்கள். கவுதாரி மலை அடிவாரத்தில் ஒரு பல்கலைக்கழகம் இருந்தது. அங்கே எத்தனை துறைகளோ அத்தனை கர்வங்கள். அவற்றுக்கு நடுவே தலையைக் குனிந்தபடி நடமாடியவள் சுற்றுலாத் துறை ஆய்வு மாணவி கோகிலவாணி. "ஊர் சுத்துறதுக்கெல்லாம் டாக்டர் பட்டமா?" என்று கேன்டீனில் கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புளித்துப்போயிருந்தது. அவள் துறைக்கென்று ஓர் அறைகூடக் கிடையாது. அந்த ஆண்டுக்குள் ஆய்வகம் அமையாவிட்டால் துறையையே மூடிவிடுவது என்று ஆட்சிக்குழு முடிவு செய்திருந்தது. மூடினால் அவளுடைய நான்கு வருட உழைப்பும் அதோடு போயிற்று.

அந்தச் சமயத்தில்தான் துணைவேந்தர் அம்மையார் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். கவுதாரி மலைக்கு அறுநூறு படிகள். ஏறும்போது யாருக்கும் ஒன்றும் ஆவதில்லை. இறங்கும்போதுதான் நாள் தவறாமல் யாராவது விழுந்து கைகாலை உடைத்துக்கொண்டார்கள். 'இந்த மலையில் இனி ஒருவரும் விழாதபடி செய்கிற ஆய்வுக்கு, புதுக் கட்டடத்தில் ஓர் ஆய்வகம்' என்றது அறிவிப்பு. மிச்சம் இருந்தது ஒரே ஓர் அறை. நாலு துறைகள் களத்தில் இறங்கின.

தொழில்நுட்பத் துறை நஸீமா மணிக்கட்டில் கட்டுகிற பட்டை ஒன்றைச் செய்து, மலையேற வந்தவர்களுக்கெல்லாம் கட்டிவிட்டாள். கட்டியவர் விழுந்தால், விழுந்த இடத்தைப் பட்டை சொல்லிவிடும். அநேகமாக எல்லோரும் இருநூற்றுப் பத்தாம் படித் திருப்பத்தில்தான் விழுந்தார்கள் என்று அது காட்டியது. உடனே நிலவியல் பேராசிரியர் அய்யாவு அளவுகோலும் கையுமாக அங்கே போய் உட்கார்ந்துவிட்டார். மற்றப் படிகளைவிட அந்தப் படி இரண்டு விரற்கடை குட்டை. "ஆள் அகப்பட்டான்!" என்று துள்ளினார். ஆனால் அது பாறையில் வெட்டிய பழங்காலத்துப் படி. உடைத்துக் கட்ட அனுமதி கேட்டு அவர் எழுதிய கடிதம் ஏதோ ஒரு மேசையில் இன்றும் தூங்கிக்கொண்டிருக்கிறது.

விளையாட்டு அறிவியல் தனசீலன் சும்மா இருப்பாரா? தம்முடைய ஓட்டக்காரர்கள் நாற்பது பேரை, "வேடிக்கை பாக்காம ஓடணும், நேரம் முக்கியம்" என்று மிரட்டி, பத்து நாள் ஏற்றி இறக்கினார். ஒருவர்கூட விழவில்லை. "படி மேல பழி போடாதீங்க. சனங்களுக்குக் கால்ல வலு இல்லீங்க, அவ்வளவுதான்" என்று கையை உதறிவிட்டார்.

கோகிலவாணியிடம் கருவி ஒன்றும் இல்லை. அவள் அடிவார மருத்துவமனைக்குப் போய், மாவுக்கட்டோடு கிடந்தவர்களின் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒருவர் செருப்பு வழுக்கிவிட்டது என்றார், இன்னொருவர் தலை சுற்றிவிட்டது என்றார். விழுந்த கதையைச் சொல்ல யாருக்குத்தான் வெட்கமில்லை? அவள் கேள்வியை மாற்றினாள்.

"அக்கா, மலையில எடுத்த படமெல்லாம் காட்டுங்களேன்."

"அதுக்கென்ன கண்ணு, இந்தா பாரு" என்று ஃபோன் அவள் கைக்கு வந்துவிட்டது.

ஐம்பத்து மூன்று பேர் காட்டினார்கள். நாற்பத்தாறு பேரின் ஃபோனில் கடைசிப் படம் ஒன்றேதான்: தூரத்து அருவி, ஓரத்தில் வளைந்த ஒரு மரம். ஏறும்போது முதுகுக்குப் பின்னால் இருக்கும் அந்த அருவி, இறங்கும்போது ஒரு திருப்பத்தில் திடீரென்று கண்முன் விரியும். படத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவள் மரத்தைத் தேடிப் போனாள். மரம் நின்றது இருநூற்றுப் பத்தாம் படிக்கு நேரே.

அதற்குப் பன்னிரண்டு படி மேலே அகலமான ஒரு தளம் இருந்தது. அங்கிருந்து அருவியைப் புதர் மறைத்தது. வனத்துறை அனுமதியோடு அந்தப் புதரை வெட்டச் செய்தாள். ஒரு கைப்பிடிக் கம்பி, 'அருவியை இங்கே நின்று பாருங்கள்' என்று ஒரு பலகை. குட்டைப் படியில் அவள் கை வைக்கவேயில்லை. சனங்கள் தளத்தில் நின்று ஆசை தீரப் பார்த்தார்கள், படம் எடுத்தார்கள், ஃபோனைப் பைக்குள் போட்டுக்கொண்டு இறங்கினார்கள். ஒரு வாரம் யாரும் விழவில்லை. ஒரு மாதம் விழவில்லை. கோடை விடுமுறைக் கூட்டம் அலை அலையாக வந்து போயிற்று, அப்போதும் விழவில்லை. மூன்றாம் மாதக் கடைசி நாளில் கோகிலவாணி உச்சிப் பாறையில் நின்று, யார் பார்க்கிறார்கள் என்றுகூட யோசிக்காமல், ஓவென்று கத்தினாள். அவ்வளவு சந்தோஷம்.

துணைவேந்தர் முன்னிலையில் சபை கூடியது. "இடத்தை முதலில் சொன்னது என் பட்டை" என்றாள் நஸீமா. "படி சரியாக இருந்தால் அருவியைப் பார்த்துக்கொண்டே இறங்கலாமே! மூல காரணம் என்னுடையது" என்றார் அய்யாவு. "படி மட்டும் காரணமில்லை என்று நிரூபித்தது யார்?" என்று தனசீலன் மேசையைத் தட்டினார்.

துணைவேந்தர் கோகிலவாணியைப் பார்த்தார். அவள் எழுந்து நின்றாள். "அவங்க மூணு பேர் சொன்னதும் நெசந்தானுங்கம்மா. ஆனா விழுந்தவங்ககிட்ட யாருமே போய்ப் பேசலைங்களே."

அறை ஒன்று, கேட்பவர்கள் நால்வர், யார் சொன்னதும் பொய் இல்லை. அப்படியானால் அந்த அறை யாருக்குச் சேர வேண்டும்?

விடை: கோகிலவாணிக்குத்தான். பட்டை இல்லாவிட்டாலும் அந்த வளைந்த மரமே அவளை இடத்துக்குக் கொண்டுபோய் விட்டிருக்கும். படி இன்றும் குட்டையாகத்தான் இருக்கிறது, ஆனாலும் யாரும் விழவில்லை. தனசீலனின் கையில்தான் நல்ல துப்பு இருந்தது: அருவியைப் பார்க்காதவன் விழவில்லை. அதை வைத்துக்கொண்டு அவர் விழுந்தவர்களின் காலைக் குறை சொன்னார். அறிவிப்பு கேட்டது ஒருவரும் விழாத மலையை. அதைக் கொடுத்தவள் அவள் ஒருத்திதான். துணைவேந்தர் அப்படியே தீர்ப்புச் சொல்லிச் சாவியை அவள் கையில் வைத்தபோது அரங்கமே எழுந்து கைதட்டியது. முதலில் எழுந்தவர் தனசீலன். துறையை மூடுகிற பேச்சு அன்றோடு முடிந்தது.